தேவாங்கின் பெருமை

மயிலின் ஆட்டத்தைக் கண்டு மகிழாதவர் இலர். மானின் மருண்ட விழியைப் போற்றாத புலவரும் இலர். அழகிய பிராணிகளுக்கு அன்பர்கள் ஏராளம். தோற்றத்தால் விந்தையானவற்றுக்குப் பரிந்து பேசுவோரோ மிகச் சிலர். அச்சிலருள் நானும் ஒருவன். என் அன்புக்குரிய பிராணி தேவாங்கு.

ஒருவன் மெலிந்திருந்தால், "தேவாங்கு போல இருக்கிறான்" என்று எள்ளி நகையாடுவது நம்மிடையே வழக்கம். அவ்வாறு நகைப்பவருள் பெரும்பாலோர் அப்பிராணியைக் கண்ணால் கண்டதே இல்லை. அதன் வாழ்க்கையைச் சற்று அறிந்துகொண்டால், நாம் குறையென நினைக்கும் ஒவ்வோர் உறுப்பும் அதற்கு நிறைவே என்பது விளங்கும்.

குரங்கும் மனிதனும் அடங்கிய உயிரின வரிசையிலேயே தேவாங்கும் அடங்கும். நம் நாட்டுத் தேவாங்கு தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இயற்கையாக வாழ்வது. அதன் எடை ஏறத்தாழ கால் கிலோதான். பகலெல்லாம் கிளைகளின் அடர்த்தியில் சுருண்டு உறங்கும். இருட்டிய பின்னரே இரை தேடப் புறப்படும்.

இப்போது அந்தப் பெரிய கண்களைக் கருதுங்கள். இரவின் மங்கிய ஒளியையும் வீணாக்காமல் ஏற்பதற்காகவே அவை அவ்வளவு பெரிதாக அமைந்துள்ளன. விழித்திரைக்குப் பின்னே கண்ணாடி போன்ற ஒரு படலம் உண்டு. உள்ளே நுழைந்த ஒளியை அது மீண்டும் விழித்திரைக்கே திருப்பி அனுப்புகிறது. விளக்கொளி பட்டால் அக்கண்கள் தணல்போல் மின்னுவதற்குக் காரணம் இதுவே.

குச்சி போன்ற கைகால்களும் காரணமின்றி அமையவில்லை. தேவாங்கு குரங்கைப் போலத் தாவுவதில்லை. கிளையை இறுகப் பற்றி, இலையும் அசையாதவாறு மெல்ல நகரும். பூச்சி எட்டும் தொலைவுக்கு வந்ததும் கையை விரைந்து நீட்டிக் கவர்ந்துவிடும். பயிரைக் கெடுக்கும் பூச்சிகளும் இவ்வாறு அதற்கு இரையாகின்றன. ஆதலின் அது உழவனுக்கு ஊதியம் கேளாத காவலாளி எனலாம்.

இத்தகைய சாதுவான பிராணிக்கு மனிதன் இழைத்த தீங்குகள் பல. அதன் கண்ணிலும் உடலிலும் மருந்தும் மந்திர ஆற்றலும் உண்டென்று நம்பி அதனைப் பிடித்து வதைத்தனர். அந்நம்பிக்கைக்கு அறிவியலில் ஆதாரம் எதுவுமில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தேவாங்கைப் பிடிப்பதையும் கொல்வதையும் குற்றமாக்கியது. 2022ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பை உள்ளடக்கிய கடவூர்த் தேவாங்கு சரணாலயத்தை அறிவித்தது. இந்தியாவில் தேவாங்குக்கென ஏற்பட்ட முதற் சரணாலயம் அதுவே.

சட்டம் காட்டைக் காக்கலாம். ஏளனத்தையும் மூடநம்பிக்கையையும் நீக்க வேண்டியது கல்வி. மாணவர்களே, விந்தையான பிராணியிடம் அன்பு செலுத்துவதென்றால் அதனைக் கூண்டில் அடைத்து மகிழ்வதன்று. அதன் உருவம் ஏன் அவ்வாறு அமைந்தது என்று வினவி அறிவதும், அது வாழும் மரத்தை வெட்டாமல் விடுவதுமே உண்மை அன்பாகும்.