பலகைப் படமும் பார்சல் கணக்கும்

மதுரைக் காஞ்சியில் ஓவியர்களுக்கு ஓர் அழகான பெயர் வருகிறது: 'கண்ணுள் வினைஞர்'. தம் தொழிலைப் பார்ப்பவர் கண்ணுக்குள்ளே நிறுத்துகிறவர்கள் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதற்கு விளக்கம் தருகிறார். வண்ணம் தீட்டாமல் கோடு மட்டும் போட்டு வைத்த படத்துக்குப் 'புனையா ஓவியம்' என்று பெயர். தூரிகைக்குத் 'துகிலிகை'. சீவக சிந்தாமணியில் சீவகன் குணமாலையின் உருவத்தைத் தானே எழுதிப் பார்க்கிறான். இத்தனை சொல் ஒரு மொழியில் இருக்கிறதென்றால், அந்தத் தொழில் அந்த மக்களிடம் எவ்வளவு நாள் புழங்கியிருக்க வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

நான் ஓவியன் இல்லை. வந்தவாசிப் பக்கம் பிறந்து, மும்பையில் பாத்திரக்கடை வைத்து நாற்பது வருஷம் ஆகிறது. படித்ததெல்லாம் கடை சாத்தின பிறகு ராத்திரியில் படித்ததுதான். ஆனால் என் தங்கை மகள் தஞ்சாவூர் கரந்தையில் வீட்டோடு பலகைப் படம் எழுதி, இணையத்தில் விற்று ஜீவனம் நடத்துகிறாள். அவளுக்கு வரவு செலவு எழுதித் தருகிறவன் நான். அந்த அனுபவத்தில், ஓவியம் வாங்கும் நம் குடும்பங்களுக்கும், இங்கே வீட்டிலிருந்தபடி வரைந்து விற்க நினைக்கும் நம் பெண்களுக்கும் பயன்படும் சில விஷயங்களைச் சொல்கிறேன்.

பெயரும் பின்னணியும்

நாம் தஞ்சாவூர் ஓவியம் என்று சொல்வதற்கு ஊரில் பழைய பெயர் பலகைப் படம். நாயக்கர் காலத்து மரபிலிருந்து வளர்ந்து, 1676 முதல் 1855 வரை நடந்த மராட்டியர் ஆட்சியில், குறிப்பாக 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி காலத்தில் செழித்தது. ராஜுக்கள், நாயுடுகள் போன்ற குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இதைச் செய்தார்கள். இன்று பல சாதியாரும் மதத்தாரும் கற்றுக்கொண்டு செய்கிறார்கள். அதிலும் பெண்கள் அதிகம்.

பழைய படங்களில் பெரும்பாலும் எழுதியவர் பெயர் இருக்காது. சித்தன்னவாசலிலும் இதே கதை. ஒன்பதாம் நூற்றாண்டில் அங்கே திருப்பணி செய்த மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் பெயர் கல்வெட்டில் நிற்கிறது. தாமரைக் குளத்தை எழுதிய கை யாருடையது என்று அதில் இல்லை. இணையத்தில் விற்கும் இன்றைய ஓவியருக்கோ பெயர்தான் முதல்; அதை நம்பித்தான் முகம் தெரியாதவர் பணம் அனுப்புகிறார்.

வேலை நடக்கும் விதம்

முன்பு பலா மரப் பலகை. இப்போது பெரும்பாலும் நல்ல பிளைவுட். அதன்மேல் துணியை ஒட்டி, சுண்ணப்பொடியும் கோந்தும் குழைத்துப் பூசிக் காயவைத்துத் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். பிறகு கோட்டுப்படம். அது முடிந்ததும் கல் பதிப்பது. பெரும்பாலும் ஜெய்ப்பூரிலிருந்து வருகிற கல்தான். நகை, மண்டபம், சிம்மாசனம் வருகிற இடங்களில் சுக்கான் மாவும் கோந்தும் கலந்த பசையைத் தூரிகையால் வைத்து மேடாக எழுப்புவார்கள். அது காய்ந்தபின் 22 காரட் தங்க ரேக்கை ஒட்டி, பள்ளம் மேட்டில் படிய அழுத்துவார்கள். அதற்கப்புறந்தான் வண்ணம். எங்கள் பெண் முகத்தையும் கண்ணையும் கடைசியில்தான் எழுதுவாள்.

இதில் எதையும் அவசரப்படுத்த முடியாது. ஒரு பூச்சு காயாமல் அடுத்தது போட்டால் வெடிக்கும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஒரு நாளில் காய வேண்டியது மூன்று நாள் இழுக்கும். அதனால் ஒரே நேரத்தில் நாலு பலகை வெவ்வேறு கட்டத்தில் நிற்கும். ரேக்கு ஒட்டுகிற நேரத்தில் மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். காற்றில் பறந்தால் காசு பறந்த மாதிரி. மே மாதத்தில் தஞ்சாவூரில் விசிறி இல்லாமல் உட்கார்ந்து பாருங்கள், அப்போது தெரியும். காலை வெளிச்சம் நல்லா இருக்கிற நேரம் வண்ணத்துக்கு. மத்தியானம் ரேக்கு. ராத்திரி போட்டோ அனுப்புவது, கேள்விக்குப் பதில் சொல்வது, பார்சல் கட்டுவது. இந்த ராத்திரி வேலையை யாரும் கணக்கில் எடுப்பதே கிடையாது.

விலை எப்படி வருகிறது

இங்கேதான் வியாபாரி வாய் திறக்க வேண்டும். 15க்கு 12 அங்குலப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கீழே வருவது கணக்குப் போடும் முறைக்காக. யாருடைய விலைப்பட்டியலும் அல்ல. பலகை, துணி, ரேக்கு, கல், வண்ணம் எல்லாம் சேர்த்துப் பொருள் செலவு 5,000 ரூபாய் என்று வையுங்கள். தினம் 6 மணி வீதம் 12 நாள் வேலை, ஆக 72 மணி. மணிக்கு 100 ரூபாய் கூலி என்றால் 7,200. இரண்டும் சேர்ந்து 12,200.

விற்பனைத் தளத்தின் கமிஷன், பேக்கிங், விளம்பரம், எப்போதாவது திரும்பி வரும் சரக்கு எல்லாவற்றுக்கும் விற்பனை விலையில் 20 சதவீதம் போகிறது என்று கொள்வோம். பலரும் 12,200க்கு 20 சதவீதம் கூட்டி 14,640 என்று விலை வைக்கிறார்கள். அது சரிப்படாது. 14,640இல் 20 சதவீதம் போனால் கையில் நிற்பது 11,712 தான். 488 ரூபாய் நஷ்டம். கமிஷன் விற்பனை விலையின் மேல் வருவதால் 12,200ஐ 0.8ஆல் வகுக்க வேண்டும். வருவது 15,250. இதில் லாபம் என்று ஒரு பைசா இல்லை; கூலி மட்டும்தான்.

இப்போது ஒருவர் பேரம் பேசி 25 சதவீதம் குறைக்கச் சொல்கிறார். 'பெரிசா என்ன, கால்வாசிதானே' என்று அவருக்குத் தோன்றும். விலை சுமார் 11,438 ஆகிறது. அதில் 20 சதவீதம் போக 9,150. பொருள் செலவு 5,000ஐக் கழித்தால் 4,150. அதை 72ஆல் வகுத்தால் மணிக்கு 58 ரூபாய்கூட வரவில்லை. தங்கக்காரன் குறைக்க மாட்டான், கல்லுக்காரன் குறைக்க மாட்டான், கூரியர்காரனும் குறைக்க மாட்டான். குறைவு முழுக்க ஓவியர் கூலியில் விழுகிறது. விலையில் 25 சதவீதம் குறைந்தால் கூலியில் 42 சதவீதம் குறைகிறது. 2025இல் 10 கிராம் தங்கம் லட்சம் ரூபாயைத் தாண்டியபோது ரேக்கு விலையும் ஏறியது. ஆனால் வாங்குகிறவர்கள் கேட்ட கேள்வி, 'போன வருஷம் இதே படம் குறைச்சலா கொடுத்தீங்களே?' என்பதுதான்.

"மாமா, இதுக்குப் பதிலா ஒரு கடையில வேலைக்குப் போயிட்டா மாசச் சம்பளமாவது வரும்ல?" என்று அவள் ஒருமுறை கேட்டாள். கணக்குத் தெரிந்தவன் என்கிற முறையில் 'போகாதே' என்று சட்டென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கைவேலை கற்ற பலர் அந்தத் தொழிலை விடுவது இந்த இடத்தில்தான்.

இணையக் கடையின் நுட்பங்கள்

முதலில் போட்டோ. தங்க ரேக்கு நேர் வெளிச்சத்தில் வெள்ளையாக அடிக்கும். பிளாஷ் போட்டால் படமே தெரியாது. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து எடுக்க வேண்டும். அப்போதுதான் மேடு பள்ளத்தின் நிழல் தெரியும். ஒரு நேர்ப்படம், ஒரு சாய்ந்த கோணம், முகம் மட்டும் ஒன்று, பின்பக்கம் ஒன்று, அளவு புரிய கையோடு ஒன்று: இந்த ஐந்தும் இருந்தால் பாதிக் கேள்விகள் குறையும். அளவைச் சொல்லும்போது ஃபிரேமோடா, ஃபிரேம் இல்லாமலா என்று எழுத வேண்டும்.

அடுத்தது பார்சல். கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை; பெட்டி அடைக்கும் இடத்தையும் பார்க்கிறார்கள். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பது பல நிறுவனங்களின் வழக்கம். 50, 42, 10 அளவுள்ள பெட்டி 4.2 கிலோ ஆகிறது. அதே படத்தை ஃபிரேம் போட்டு 60, 52, 15 பெட்டியில் வைத்தால் 9.36 கிலோ. உண்மையான எடை இதைவிடக் குறைவாக இருந்தாலும் கட்டணம் இதற்குத்தான். வெளியூருக்கு ஃபிரேம் இல்லாமல் வாங்கி, நம்ம ஊரில் போட்டுக்கொள்வது இரண்டு தரப்புக்கும் லாபம். கண்ணாடி உடையும் பயமும் இல்லை.

படத்தின் மேல் பபிள் ஷீட்டை நேராகச் சுற்றக் கூடாது. கோடை வெப்பத்தில் குமிழின் தடம் வண்ணத்தில் பதியும். முதலில் வழவழப்பான பட்டர் பேப்பர், ஓரத்தில் தெர்மாகோல், பிறகுதான் பபிள் ஷீட். ஒரு கூரியர் நிறுவனம் எங்கள் பெண்ணின் பெட்டி ஒன்றை மழையில் போட்டுவிட்டது. ஓரத்தில் பிளைவுட் ஊதி, ரேக்கு எழும்பிவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு பார்சலையும் கட்டும்போதே வீடியோ எடுத்து வைக்கிறாள். மேலே பிளாஸ்டிக் உறையும் போடுகிறாள். பெட்டியைப் பிரிக்கும்போது வாங்குகிறவரும் வீடியோ எடுத்தால் பின்னால் தகராறு வராது.

வரி விஷயம் ஒன்று. கையால் முழுவதும் வரைந்த ஓவியத்துக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். பதிவு தேவையா என்பதை அவரவர் கணக்காளரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

அசலும் அச்சும்

1894இல் ரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கி, சாமி படங்களை வீடு வீடாகச் சேர்த்தார். அச்சுப்படம் என்று சொல்லியே விற்பதில் குற்றம் ஏதுமில்லை. அச்சடித்த தாளின் மேல் பளபளப்புத் தகடு ஒட்டி 'கைவேலை' என்று விற்பதுதான் மோசம். இப்படி விற்கிறவர் 2,000 ரூபாய்க்குக் கொடுக்கும்போது, 15,000 சொல்கிற நேர்மையான ஓவியர் கொள்ளைக்காரர் மாதிரித் தெரிகிறார்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை இவை. ரேக்கு உண்மைத் தங்கமா, போலியா? போலி ரேக்கு காலப்போக்கில் கறுக்கும். பலகை என்ன? பின்பக்கம் எப்படி? பாதி வேலையில் எடுத்த படம் உண்டா? கையால் செய்கிறவரிடம் கடைசிக் கேள்விக்குப் பதில் உடனே வரும்.

தஞ்சாவூர் ஓவியத்துக்கு 2007-08இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1999ஆம் வருஷச் சட்டப்படி அந்தப் பெயர் அந்த வட்டாரத்து உற்பத்தியாளர்களுக்கு உரியது. மும்பையிலும் தில்லியிலும் வகுப்பில் கற்று அருமையாக வரைகிற நம் சகோதரிகள், 'தஞ்சாவூர் பாணியில் மும்பையில் வரைந்தது' என்று போடுவதே நாணயமான வழி. அதனால் மதிப்பு குறையாது.

தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம்

ஓவியத்தை வாங்கினால் பலகை நமதாகிறது. அதைப் பிரதி எடுக்கும் உரிமை அதோடு சேர்ந்து வருவதில்லை. 1957ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டப்படி அந்த உரிமை ஓவியரின் ஆயுள் முழுதும், அதற்குப் பின் 60 வருஷமும் நீடிக்கும். ஆனால் சட்டத்தின் 17ஆம் பிரிவில் ஒரு நுட்பம் உண்டு. பணம் கொடுத்து, 'எனக்காக இதை வரைந்து கொடு' என்று ஒருவர் சொல்லி வரைந்த படத்தில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் பதிப்புரிமை வரையச் சொன்னவருக்கே போகும். இணையத்தில் பெரும்பாலும் ஆர்டரின் பேரில்தான் வேலை. ஆகவே ஆர்டர் எடுக்கும்போதே 'பதிப்புரிமை ஓவியருக்கே' என்று ஒரு வரி எழுதி, அவர் சம்மதத்தையும் வாங்கி வைக்க வேண்டும். எங்கள் பெண்ணின் ஆர்டர் தாளில் அந்த வரியைச் சேர்த்தது நான்தான்.

விற்ற பிறகும் படைத்தவருக்கு ஒரு மரியாதை உண்டு என்பதற்கு தில்லி வழக்கே சாட்சி. விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் செய்த சுவர்ச் சிற்பத்தை 1979இல் பெயர்த்து எடுத்தார்கள். அவர் வழக்குப் போட்டார். 2005இல் தில்லி உயர் நீதிமன்றம் மிஞ்சிய பாகங்களைத் திருப்பிக் கொடுக்கவும், 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் தீர்ப்பளித்தது.

இன்னொன்று: உங்கள் வீட்டில் பாட்டி காலத்துப் பலகைப் படம் இருந்து, அது 100 வருஷத்துக்கு மேற்பட்டதானால், 1972ஆம் வருஷச் சட்டப்படி அது தொல்பொருள். அதை இணையத்தில் வெளிநாட்டுக்கு விற்று அனுப்பக் கூடாது.

ஒரு முன்மாதிரி

ஓவியர் தன் சம்பாத்தியத்தில் நிற்க முடியுமா என்ற கேள்வி புதிதல்ல. சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவானது. அந்த ஓவியர்கள் பாத்திக் போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அந்தப் பணத்தில் கடற்கரையோரம் நிலம் வாங்கி, தங்கள் ஓவியங்களைத் தங்கள் இஷ்டப்படி வரைந்தார்கள். சின்னப் பொருள் அடுப்பு எரிய வைக்கும், பெரிய ஓவியம் தன் நேரத்தை எடுத்துக்கொள்ளும் என்பது அந்த ஏற்பாடு.

எங்கள் பெண்ணும் இப்போது அதைத்தான் செய்கிறாள். கைக்கடக்கமான பிள்ளையார், கிருஷ்ணர் படங்கள் மாசச் செலவுக்கு. வருஷத்துக்கு இரண்டு மூன்று பெரிய பலகை மனசுக்கு. நம் சமூகத்தார் எப்போதாவது ஆதிநாதர் படம் கேட்பார்கள். அதற்குத் தனி சந்தோஷம் அவளுக்கு. கடை வேலைப் பேச்சு இந்த ஏற்பாட்டுக்குப் பின் குறைந்திருக்கிறது. அடியோடு நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

தீபாவளிக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் பரிசு வாங்கும்போது வெளிமாநிலத்தில் இருக்கும் நாம்தான் இவர்களுக்குப் பெரிய சந்தை. இரண்டு மாதம் முன்னாடியே ஆர்டர் கொடுங்கள். பாதிப் பணம் முன்பணமாகக் கொடுங்கள். ரேக்கு வாங்க அது உதவும். விலை கட்டுப்படியாகாவிட்டால் சின்ன அளவு கேளுங்கள், அதே படத்துக்குக் குறைத்துக் கேட்காதீர்கள். படத்தின் கீழே எழுதியவர் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்று பார்த்து, இல்லாவிட்டால் போடச் சொல்லி வாங்குங்கள்.