துடுப்புக்கு நுரை பிடிபடுமா?

வாளித் தண்ணீருக்குள் கையைக் கத்திபோல் நிறுத்தி அசைத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போகும். இப்போது உள்ளங்கையால் தள்ளுங்கள். தண்ணீர் எதிர்க்கிறது, இல்லையா? துடுப்பு போடுகிறவருக்கு அந்த எதிர்ப்புதான் பிடிமானம். அவர் நீரைப் பின்னே தள்ள, நீர் அவரை முன்னே தள்ளும்.

கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் சாலிப்புழா, இருவஞ்ஞிப்புழா என்று இரண்டு ஆறுகள். மழைக்காலத்தில் பாறைகளுக்கிடையே சீறி வரும். அப்போது நடக்கும் மலபார் ஆற்றுத் திருவிழாவுக்குப் பல நாடுகளிலிருந்து கயாக் வீரர்கள் வருகிறார்கள். கயாக் என்பது ஒடுங்கிய சிறு படகு. அதன் துடுப்பில் இரு முனையிலும் அகன்ற அலகு இருக்கும்.

காட்டாற்றுக்கு எந்த அலகு நல்லது? முதலில் நுரையைக் கவனிக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை 1 கிலோ. ஒரு லிட்டர் நுரையில் பாதி காற்று என்றால் எடை அரைக் கிலோதான். தள்ளுவதற்கு அங்கே நீரே குறைவு! அதனால் அலகு சற்றுப் பெரிதாக இருந்தால் நல்லது. மிகப் பெரிதானாலோ, நுரையில்லாத நீரில் இழுக்கும்போது தோள்பட்டை நொந்துவிடும். சிறிய உடம்புக்குச் சிறிய அலகே சரி.

தட்டையான தட்டு ஒன்றைத் தொட்டி நீரில் நிமிர்த்திப் பிடித்து வேகமாக இழுத்தால் அது இடமும் வலமுமாக ஆடும். விளிம்புகளில் மாறிமாறிச் சுழல்கள் உண்டாவதுதான் காரணம். அலகும் அப்படி ஆடினால் வெள்ளத்தில் ஆபத்து. அதற்காகவே அலகின் நடுவில், வாழையிலையின் நடுநரம்புபோல, ஒரு மேடு வைக்கிறார்கள். நீர் இருபுறமும் சமமாகப் பிரிய, ஆட்டம் அடங்கிவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த வேலைப்பாடு இது.

கடலில் ஓட்டும் துடுப்பு பெரும்பாலும் 220 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். காட்டாற்றுத் துடுப்போ 200 சென்டிமீட்டரை ஒட்டித்தான். இடுக்கில் சட்டென்று திருப்ப வேண்டுமே! பாறையில் இடிபடும் என்பதால் விளிம்பும் உறுதியாக இருக்க வேண்டும்.

சிறு அருவியில் குதிக்கும்போது படகின் மூக்கு நேராகக் கீழே இறங்கினால் அடியிலுள்ள பாறையில் மோதலாம். கீழே எல்லாம் நுரை. அங்கே துடுப்பு அவ்வளவாக உதவாது. ஆகவே வீரர் அருவியின் விளிம்பிலேயே, நீர் இன்னும் நுரைக்காமல் பளபளவென்று வளையும் இடத்தில், அலகை ஊன்றி ஓங்கி ஒரு இழுப்பு இழுக்கிறார். மூக்கு மேலே எழும்ப, படகு நுரைமேல் தட்டையாக வந்து உட்காருகிறது.