குரலே முகவரி

அண்டார்க்டிகாவின் பனிவெளியில் ஆயிரக்கணக்கான பேரரசப் பென்குயின்கள் நெருங்கி நிற்கின்றன. மனிதக் கண்ணுக்கு அவை யாவும் ஒன்றுபோலவே தோன்றும். இப்பறவைகளுக்குக் கூடும் இல்லை. ஆண்பறவை முட்டையைப் பாதங்களின்மேல் தாங்கி, அடிவயிற்றுத் தோல்மடிப்பால் மூடி, கூட்டத்தோடு நகர்ந்துகொண்டே அடைகாக்கிறது. கடலுக்குச் சென்று திரும்பும் பெண்பறவை தன் துணையைக் கண்டறியக் குரலையன்றி வேறு வழியில்லை.

முட்டையிட்டதும் பெண்பறவை இரைதேடிச் சென்றுவிடும். கடுங்குளிரில் ஏறத்தாழ 65 நாள்கள் ஆண்பறவை உணவின்றி முட்டையைக் காக்கும். குஞ்சு பொரிக்கும் வேளையில் திரும்பும் தாய், கூட்டத்தினிடையே நின்று தலையைத் தாழ்த்திக் குரல் கொடுக்கிறது. அவ்வேளையில் அருகிலுள்ள பறவைகள் வாளாவிருக்கின்றன. மனிதர் கூடும் அவைகளிலும் இவ்வொழுங்கு அரிது! பின்னாளில் குஞ்சுகள் கூட்டமாக நிற்கும்போதும் பெற்றோர் தம் குஞ்சுக்கு மட்டுமே இரையூட்டும். அழைப்பை அறியாத குஞ்சு பசியால் மடிய நேரும்.

இத்துணை இரைச்சலில் ஒரு குரல் எவ்வாறு தனித்துத் தெரிகிறது? மனிதரின் குரல்வளை மூச்சுக்குழலின் மேல்முனையில் உள்ளது. பறவையின் ஒலியுறுப்போ மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில் அமைந்துள்ளது. அதனால் பேரரசப் பென்குயின் ஒரே நேரத்தில் இருவேறு அதிர்வெண்களில் ஒலியெழுப்புகிறது. ஒரே தொண்டையில் இரண்டு நாகசுரங்கள் எனலாம். அவ்விரண்டும் கலக்கையில் ஒலி கூடியும் குறைந்தும் துடிக்கிறது. இயற்பியல் பாடத்தில் மாணவர் பயிலும் ‘விம்மல்’ இதுவே. இத்துடிப்பின் அமைப்பு பறவைக்குப் பறவை வேறுபடும். நெருங்கி நிற்கும் உடல்களையும் ஊடுருவிச் செல்லும்.

தியரி ஓபேன், பியர் ஜுவாந்தேன் முதலிய பிரெஞ்சு ஆய்வாளர்கள், பதிவுசெய்த அழைப்பிலிருந்து ஓர் ஒலியை நீக்கிவிட்டு, எஞ்சியதை மட்டும் ஒலிக்கச் செய்தனர். துணைப்பறவையும் திரும்பவில்லை, குஞ்சும் அசையவில்லை. அவர்களுடைய முடிவுகள் 2000ஆம் ஆண்டில் வெளிவந்தன.

அதே அண்டார்க்டிகாவில் வாழும் அடேலி பென்குயின் சிறுகற்களைக் குவித்துக் கூடமைக்கிறது. திரும்பிவரும் பறவை முதலில் கூட்டின் இடத்தைத் தேடி அடைகிறது. அதன்பின் துணையின் குரலைச் சரிபார்த்தாலே போதும். அதன் அழைப்பில் இரட்டைக்குரல் இல்லை.