பரீட்சை நேரத்தில் புண் ஏன் சீக்கிரம் ஆறுவதில்லை?

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவ மாணவர்கள் 11 பேர் விநோதமான ஓர் ஆய்வுக்குச் சம்மதித்தார்கள். கோடை விடுமுறையில் அவர்களுடைய மேல் அண்ணத்தில் 3.5 மில்லிமீட்டர் அளவுக்குச் சிறு காயம் ஏற்படுத்தினார்கள். பிறகு, பருவத்தின் முதல் பெரிய தேர்வுக்கு மூன்று நாள் முன்பு, அதே அளவில் மறுபக்கம் இன்னொரு காயம். தினமும் அளந்து பார்த்ததில், தேர்வு நேரக் காயம் ஆறுவதற்குச் சராசரியாக மூன்று நாள் கூடுதலாகப் பிடித்தது. அதாவது 40 சதவீதத் தாமதம். விடுமுறையில் ஆறிய வேகத்தில் ஒருவருக்குக்கூட ஆறவில்லை.

1998-ல் வெளியான இந்த ஆய்வு, "எல்லாம் மனசுதான், தைரியமா இரு" என்று வீட்டில் சொல்லும் ஆறுதலின் போதாமையைக் காட்டிவிடுகிறது. அரியர் பயம், இன்டர்னல் மார்க், பிளேஸ்மென்ட் என்று எதை நினைத்துக் கலங்கினாலும், மூளையின் ஹைபோதலாமஸ் கொடுக்கும் சமிக்ஞை பிட்யூட்டரி வழியாகச் சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பியை எட்டுகிறது. அங்கே கார்டிசால் சுரக்கிறது. கொஞ்ச நேரம் சுரந்தால் நல்லதுதான், சுறுசுறுப்பு வரும். வாரக்கணக்கில் நீடித்தால், நோய் எதிர்ப்பும் தூக்கமும் அடிவாங்கும். செமஸ்டர் நெருங்கும்போது ஹாஸ்டலில் ஆளாளுக்குச் சளி பிடிப்பதில் இதற்கும் பங்கு உண்டு.

பதற்றம் உடம்பில் இருக்கிறது என்றால், உடம்பு வழியாகவே அதைத் தணிக்கவும் முடியும். மணிக்கட்டில் விரல் வைத்து நாடியைப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று வேகமெடுக்கும், விடும்போது தளரும். இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பு, மூச்சு வெளியேறும்போது கூடுதலாக வேலை செய்வதே காரணம். ஆகவே, விடும் மூச்சை நீட்டினால் போதும். மூக்கால் ஒருமுறை இழுத்து, அதன்மேல் இன்னும் கொஞ்சம் இழுத்து, வாய்வழியாக மெல்ல, முழுவதுமாக விட வேண்டும். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மாதம் தினமும் ஐந்து நிமிடம் இப்படிச் செய்தவர்களின் மனநிலை, அதே நேரம் தியானம் செய்தவர்களைவிட அதிகம் மேம்பட்டிருந்தது.

இரண்டாவது வழிக்கு ஒரு தாளும் பேனாவும் போதும். 2011-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜெரார்டோ ராமிரெஸும் சியான் பைலாக்கும், தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம், மனதில் இருக்கும் பயத்தை அப்படியே எழுதச் சொன்னார்கள். வழக்கமாகவே அதிகம் பயப்படும் மாணவர்களுக்குத்தான் இதனால் மதிப்பெண் நன்றாகக் கூடியது. கணக்குப் போடவும் விடையைக் கோர்க்கவும் தேவைப்படும் தற்காலிக நினைவாற்றலில் பெரும் பங்கைக் கவலை பிடித்துக்கொள்கிறது. எழுதிவிட்டால் அந்த இடம் காலியாகிறது என்பது அவர்களின் விளக்கம்.

மூன்றாவது, தூக்கம். படித்தது நினைவில் பதிவது தூங்கும்போதுதான். காபியிலுள்ள காஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் பிடிக்கும். இரவு பத்து மணிக்குக் குடித்த காபி, விடிகாலை மூன்று மணிக்கும் ரத்தத்தில் பாதி இருக்கும். விடிய விடியப் படிப்பவர், பதிய வேண்டிய நேரத்தையே பறிகொடுக்கிறார்.

இவையெல்லாம் பதற்றத்தின் அளவைக் குறைக்குமே தவிர, அதன் காரணத்தைத் தீர்க்காது. கட்டாத ஃபீஸையும், பிடிக்காத படிப்பையும், வீட்டுச் சண்டையையும் மூச்சுப் பயிற்சி சரிசெய்யாது; அவற்றை யாரிடமாவது பேசித்தான் ஆக வேண்டும். தூக்கமும் பசியும் இல்லாமல் இரண்டு வாரம் போனாலோ, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினாலோ தள்ளிப்போடாதீர்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.