டேனியல் நின்ற இடம்

எங்கள் குன்னத்தூரில் மலை பார்க்க வேண்டுமென்றால் மழை விட்ட காலையில் மொட்டை மாடி ஏற வேண்டும். தென்கிழக்கே சென்னிமலை, வடக்கே, அதிர்ஷ்டம் இருந்தால், சத்தியமங்கலம் பக்கத்து மலை நீலக் கோடாகத் தெரியும். எனக்குத் திருப்பூரில் பனியன் பிரிண்டிங் பட்டறையில் டிசைனை நிறம் நிறமாகப் பிரிக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பென்சில் என்னுடையது.

அந்தப் பென்சிலை எடுத்துக்கொண்டு ராயக்கோட்டைப் பாறையை வரையப் போனதற்குக் காரணம் தாமஸ் டேனியல். இங்கிலாந்து ஓவியர். 1786இல் சகோதரர் மகன் வில்லியமோடு கல்கத்தாவில் வந்து இறங்கியவர். 1792இல் இருவரும் சென்னையிலிருந்து கிளம்பி, பாராமகால், திண்டுக்கல், பாபநாசம், களக்காடு என்று தெற்கே வரைந்துகொண்டே போனார்கள். ஊர் திரும்பி 1795 முதல் 1808 வரை ‘ஓரியண்டல் சீனரி’ என்ற தொகுப்பாக 144 படங்கள் அச்சிட்டார்கள். ராயக்கோட்டையும் வீரபத்திர துர்க்கமும் அதில் உண்டு. எங்கள் சென்னிமலை இல்லை. ராயக்கோட்டை இருந்த பாராமகாலும், திண்டுக்கல்லும் 1792 உடன்படிக்கையில் கிழக்கிந்தியக் கும்பினி கைக்குப் போயிருந்தன. சென்னிமலை இருந்த கோயம்புத்தூர்ச் சீமையோ 1799 வரை திப்பு சுல்தானிடம்தான் இருந்தது. பட்டாளம் போன பாதையில்தான் தூரிகையும் போயிருக்கிறது.

அந்தப் படங்களின் அச்சு முறைதான் முதலில் என்னை இழுத்தது. செப்புத் தகட்டில் குங்கிலியம் போன்ற பிசினின் தூளைத் தூவி, சூடு காட்டி ஒட்டவைத்து, அமிலத்தில் போடுவார்கள். தூள் மூடாத சந்துகளை மட்டும் அமிலம் அரிக்கும். தூரத்து மலைக்குக் கொஞ்ச நேரம் போதும். உடனே வார்னிஷ் பூசி அந்த இடத்தை மூடிவிட்டு, பக்கத்துப் பாறையை மட்டும் மேலும் அரிக்க விடுவார்கள். மூடாமல் மறந்தால் மலை கறுத்து முன்னால் வந்து நின்றுவிடும். எங்கள் ஸ்கிரீனில் புள்ளி செய்கிற வேலையை அங்கே தூள் செய்கிறது. இன்னொரு தொல்லையும் உண்டு: தகட்டில் இடம்வலம் மாற்றி வரைய வேண்டும், இல்லாவிட்டால் மலை தாளில் திரும்பி நிற்கும். பிலிமைத் தலைகீழாகப் போட்டு நூறு டீ-ஷர்ட் வீணாக்கியவனுக்கு இது நன்றாகவே புரியும்.

சரி, டேனியல்கள் நின்ற இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? நாலடி நகர்ந்தால் தூரத்து மலை அசையாது, கிட்டத்துப் பாறை ஓடும். படத்தில் ஒரு பாறையின் விளிம்பு தூரத்து உச்சியை எங்கே தொடுகிறது என்று பார்க்க வேண்டும். களத்தில் அந்த இரண்டும் அதேபோல் ஒட்டும்வரை நடந்தால், நாம் ஒரு கோட்டின் மேல் நிற்கிறோம். அதேபோல் இன்னொரு ஜோடி, இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் ஸ்டூலைப் போடலாம். 1990களில் அந்தோனியோ மார்ட்டினெல்லி என்ற இத்தாலியப் புகைப்படக்காரர் டேனியல்களின் இடங்களைத் தேடி இந்தியா முழுக்க அலைந்து அவற்றைப் படம் எடுத்தார். கோயில், கோட்டை என்றால் தூணும் மதிலும் வழி சொல்லும். மலைக்கு அந்த வசதி கிடையாது.

எனக்கு ராயக்கோட்டையில் ஒரு கோடுதான் கிடைத்தது. இரண்டாவது ஒரு மாந்தோப்புக்குள் போய் மறைந்தது. தோப்போரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டி, என் பலகையையும் நீட்டிய பென்சிலையும் வெகுநேரம் பார்த்தார்.

“ஏம்ப்பா, நெலம் அளக்க வந்தியா?”

“இல்லைங்க ஆயா, படம் போடறனுங்க.”

“அதான், எதுக்கு?”

சிரித்து மழுப்பினேன். ஆனால் அவர் கேட்டதில் தப்பில்லை. அதே காலத்தில் இந்தப் பக்கத்தை வரைந்து வெளியிட்ட கோல்புரூக் என்பவர் பட்டாளத்து சர்வேயர். அப்படியே வரைந்து வெளியிட்ட ஆலன் என்பவர் கேப்டன். டேனியல்களும் கேமரா அப்ஸ்கியூரா வைத்திருந்தார்கள். லென்ஸ் வழியே வரும் காட்சி தாளில் விழும், அதன்மேல் கோடு இழுக்கலாம். அளப்பதற்கும் வரைவதற்கும் நடுவே பெரிய வேலி இருந்ததாகத் தெரியவில்லை.

வெயில் ஏறுவதற்குள் இரண்டு தாள். முதல் தாளில் பாறையை நெட்டுக்குத்தலாக வரைந்துவிட்டேன். கைப்பழக்கம் மலையை உயர்த்தத்தான் பார்க்கும். பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து அளந்தபோதுதான், அகலம் நான் நினைத்ததைவிடக் கூடுதல் என்று பிடிபட்டது. இரண்டாவது தாளில் பாறை படுத்த மாடு போல வந்தது. அதுதான் சரி.

பாட்டி எட்டிப் பார்த்து, “ஆட்ட விட்டுட்டியே” என்றார். ஓரமாக இரண்டு ஆடு போட்டேன்.

டேனியல்கள் ராயக்கோட்டைப் படத்துக்கு ஊர்ப் பெயர் கொடுத்தார்கள். நின்ற இடத்தைக் கொடுக்கவில்லை. நான் தாளின் பின்பக்கம் எழுதினேன்: மாந்தோப்பின் தெற்கு வேலி, மூன்றாவது கல்தூண், அங்கிருந்து பாறையைப் பார்த்துப் பதினோரு தப்படி.