அந்தரத்தில் ஒரு வாயில்

எகிப்து என்றவுடன் நீங்கள் ஒரு முக்கோணத்தை வரைந்து, அருகில் ஓர் ஒட்டகத்தையும் நிறுத்திவிடுவீர்கள். என் வகுப்புகளில் நான் கண்ட படங்கள் பெரும்பாலும் அவ்வாறே இருந்தன. இன்று பிரமிடுகளை விட்டுவிட்டுக் கெய்ரோவிலிருந்து தெற்கே, நைல் நதியின் போக்குக்கு எதிராக, லக்சர் என்னும் நகருக்குச் செல்வோம். கிரேக்கர் தீப்ஸ் என வழங்கிய பழம்பெரும் தலைநகர் இதுவே.

கதிரவன் எழும் கிழக்குக் கரையில் பெருங்கோயில்கள். மறையும் மேற்குக் கரையில் மன்னரின் கல்லறைகள். 1922இல் ஹோவர்டு கார்ட்டர் துத்தன்காமனின் கல்லறையைக் கண்டது மேற்குக் கரையிலேதான். கிழக்கே கர்னாக் கோயிலில் 134 தூண்கள் கொண்ட மண்டபம் உண்டு. அங்கு அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்காதவர் இலர். ஆயினும் நான் உங்களை நிறுத்திக் காட்ட விரும்புவது, ஊர் நடுவே உள்ள லக்சர் கோயிலின் ஒரு சிறிய கதவையே.

கோயிலின் முகப்பில் முன்பு இரண்டு கல் ஊசித்தூண்கள் நின்றன. ஒன்று பிரான்சு நாட்டுக்கு அளிக்கப்பட்டு, 1836 முதல் பாரிஸ் நகரில் நிற்கிறது. எஞ்சிய ஒன்றைக் கடந்து, இரண்டாம் ராம்சேஸ் எழுப்பிய முற்றத்துள் நுழைந்து இடப்புறம் நோக்குங்கள். பழந்தூண்களின் மேலே ஒரு பள்ளிவாசல்! அதன் பழைய வாயில், ஆள் எட்டாத உயரத்தில், படியின்றி அந்தரத்தில் நிற்கிறது. அதைக் கட்டியவர் அறிவிலிகளோ? அல்லர். கட்டிய காலத்தில் தரை அவ்வுயரத்தில் இருந்தது!

நைல் ஆண்டுதோறும் பெருகி வண்டலைப் பரப்பிற்று. மண் வீடுகள் இடிந்தன. இடிபாட்டின் மேல் புது வீடுகள் எழுந்தன. இவ்வாறு நூற்றாண்டுகள் செல்லச் செல்லக் கோயில் புதைந்தது, ஊர் உயர்ந்தது. ரோமர் அக்கோயிலைப் படைவீடாக்கினர். பின்னர் அதனுள் கிறித்தவ ஆலயம் எழுந்தது. அதன்பின் அபுல் ஹஜ்ஜாஜ் என்னும் அடியாரின் பள்ளிவாசல். ஆகவே, ஏறக்குறைய 3,400 ஆண்டுகட்குமுன் மூன்றாம் அமென்ஹோத்தப் தொடங்கிய இடத்தில் இன்றும் தொழுகை நடக்கிறது.

1880களில் மாஸ்பெரோ என்னும் பிரெஞ்சு அறிஞர் கோயிலைத் தோண்டத் தொடங்கினார். உள்ளே இருந்த வீடுகள் அகற்றப்பட்டன. பள்ளிவாசலை மட்டும் ஊரார் விட்டுக்கொடுக்கவில்லை. அதனால்தான் அக்கதவு நமக்குக் கிடைத்தது. அது இல்லாவிடில், எவ்வளவு மண் அள்ளப்பட்டது என்பதைக் கண்ணால் காண வேறு அளவுகோல் ஏது?

எல்லா இடத்திலும் ஊரார் வெல்லவில்லை. மேற்குக் கரையில் குர்னா என்னும் சிற்றூர், பண்டைப் பிரபுக்களின் கல்லறைகள் மீதே அமைந்திருந்தது. கல்லறைப் பொருள்கள் களவு போகின்றன என்று அரசு கவலை கொண்டது. 1940களில் ஹசன் ஃபாத்தி என்னும் கட்டடக்கலைஞர், அம்மக்களுக்காகப் பச்சை மண் செங்கல்லில் கவிந்த கூரைகளோடு அழகிய புதிய குர்னாவை அமைத்தார். மக்களோ பெரும்பாலும் அங்குக் குடியேறவில்லை! 2006க்குப் பின்னரே பழைய வீடுகள் இடிக்கப்பட்டு, அவர்கள் வேறிடம் அனுப்பப்பட்டனர். கல்லறை ஓவியங்களைக் காக்க வேண்டியதுதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அக்குன்றில் பிறந்து வளர்ந்தோரின் வீடுகளும் ஒருவகைச் சின்னங்கள் அல்லவா? 2021இல் திறக்கப்பட்ட, கர்னாக்கையும் லக்சரையும் இணைக்கும் சிங்கவுடற் சிலைகளின் நெடுஞ்சாலைக்கும் பல கட்டடங்கள் வழிவிட நேர்ந்தது.

லக்சர் செல்லும் வாய்ப்பு உங்களில் எவருக்கேனும் கிட்டினால், கோயிலைப் பார்த்தபின் வெளியே வந்து கிழக்குப் பக்கமாகச் சுற்றிச் செல்லுங்கள். அங்கே தரை இன்னும் உயர்ந்தே இருக்கிறது. பள்ளிவாசலுக்குத் தொழ வருவோர் இன்று அவ்வழியாகவே உள்ளே செல்கின்றனர்.