பாட்டி கலந்த எறும்பு அமிலம்

செந்தூல் என்றதும் நமக்கு ரயில்வே பட்டறைதான் நினைவுக்கு வரும். மலாயில் அது ஒரு மரத்தின் பெயர். அதன் பழம் புளிக்கும். அந்தப் புளிப்பும் ரசத்தில் கரைக்கும் புளியும் தயிரும் எலுமிச்சையும் ஒரே குடும்பம். கார்பாக்சிலிக் அமிலங்கள் என்பது குடும்பப் பெயர்.

ஐந்தாம் படிவப் பிள்ளைகள் இதை எஸ்பிஎம் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் செந்தூல் அடுக்குமாடிகளில் இருக்கும் பல பாட்டிமார்களுக்கு இது கைப்பழக்கம். பால்மரக் காட்டிலிருந்து வந்த பாலை வடிகட்டி, தண்ணீர் கலந்து, தொட்டியில் ஊற்றி, அளவோடு ஆசிட் விட்டுக் கட்டியாக்கியவர்கள் அவர்கள். அந்த ஆசிட்தான் ஃபார்மிக் அமிலம். மலாயில் ‘சுக்கா கெத்தா’, அதாவது ரப்பர் காடி. பெயர் எறும்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது; கட்டெறும்பு கடித்தால் எரிகிறதே, அதே வகைதான்.

பால் ஏன் கட்டியாகிறது? பாலில் மிதக்கும் ரப்பர்த் துகள்களைச் சுற்றிப் புரதப் படலம் உண்டு. அதில் எதிர் மின்னேற்றம் இருப்பதால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஒட்டாமல் நிற்கும். அமிலம் தரும் ஹைட்ரஜன் அயனி அந்த மின்னேற்றத்தை நீக்குகிறது. பிறகு துகள்கள் மோதி, படலம் கிழிந்து, உள்ளே இருக்கும் ரப்பர் ஒன்றோடொன்று பிணைகிறது. ஆசிட் விடாமல் வைத்தாலும் பால் கட்டிவிடும். கிருமிகள் தாமே அமிலம் சுரக்கும். ரப்பர் கட்டிகளின் அந்த நாற்றத்துக்கும் பெரும்பாலும் இதே குடும்பத்து அமிலங்களே காரணம். பால் கட்டாமல் ஆலைக்குப் போகவேண்டுமென்றால் அம்மோனியா கலப்பார்கள். அது காரம்; அமிலத்தின் வேலையைக் கெடுத்துவிடும்.

பாடநூல் இதை ‘வலுக்குறைந்த அமிலம்’ என்கிறது. இந்தச் சொல்லில்தான் ஆபத்து இருக்கிறது. தண்ணீரில் அதன் மூலக்கூறுகளில் கொஞ்சமே அயனியாகப் பிரியும் என்பதே அதன் பொருள். தொட்டால் ஒன்றும் ஆகாது என்பதல்ல. சமையல் காடியில் அசெட்டிக் அமிலம் சுமார் 5 விழுக்காடு. ரப்பருக்கு விற்கும் ஃபார்மிக் அமிலமோ 85 விழுக்காடு வரை செறிவானது. தோலை வேகவைக்கும், கண்ணைப் பறிக்கும். கேரளத்து ரப்பர் பகுதிகளில் அதைக் குடித்து உணவுக்குழாய் வெந்து வந்தவர்களைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

கம்பத்துச் சொந்தக்காரர் வீட்டில் சின்னத் தோட்டம் இருந்தால் ஒன்று கவனியுங்கள்: அந்த ஆசிட் பழைய மினரல் வாட்டர் போத்தலில் இருக்கக்கூடாது. தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்றவேண்டும், ஆசிட்டில் தண்ணீரை அல்ல. மேலே பட்டால் சோடா மாவைத் தேடி ஓடாதீர்கள். ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவுங்கள். யாரேனும் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே 999 அழையுங்கள்.